கடைமடைக் குறிப்பேடு

சபைச் சங்கக் கூட்டம், பொறையார்.
ஜூலை, மூன்றாம் ஞாயிறு.
வந்தவர்கள் ஏழு பேர். கரண்ட் இல்லை.
எழுதுவது நான்,
அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், சங்கத்துக்குச் செயலர்.

பொருள் ஒன்று: மதில்சுவருக்கு வெள்ளை. ஐந்து நிமிடம்.
பொருள் இரண்டு: வைரக்கண்ணு.

வாய்க்கால் லஸ்கர். ஞானஸ்நானம் கேட்கிறான்.
ஒன்றரை வருஷமாய்க் கடைசி பெஞ்சு,
மெட்டு மட்டும் தப்புகிறது.

அரைஞாண் கயிற்றை அறுத்துவிட்டு வரட்டும்
என்றார் பாக்கியநாதன்.
பழைய காப்பு, பழைய பயம்.
புது மனுஷன் இடுப்பில் எதற்கு?

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு
அந்தியோகியாவிலிருந்து ஆரம்பித்தார்.
அங்கேயும் இப்படித்தான்,
எருசலேமிலிருந்து சிலர் வந்தார்கள்,
முதலில் உடம்பில் ஒரு வெட்டு,
அப்புறம்தான் இரட்சிப்பு என்றார்கள்.
அதுவரை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்ட பெரியவர்
அவர்களைக் கண்டதும் பந்தியை விட்டு எழுந்தார்.
இன்னொருவர் அவரை
முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

விருத்தசேதனம்.
எட்டு வயதில் ஓய்வுநாள் பள்ளியில்
அதற்கு அர்த்தம் கேட்டேன்.
சுகிர்தம் டீச்சர் உடனே பாட்டு சொல்லித்தரத் தொடங்கிவிட்டார்.
அர்த்தம் தெரிந்தது தியேட்டரில்,
ஒரு பையனுக்கு டாக்டர் சுன்னத் செய்தபோது
டிரே பிடித்து நின்ற அன்றைக்கு.
நாலு தையல், ஒரு வீறிடல்.
வெளியே அவன் அத்தா
வார்டு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்,
எனக்கும் ஒரு கை.
அது அவர்கள் வீட்டுச் சந்தோஷம்.
அடுத்தவன் வாசலில் கொண்டுபோய்
அதை யாரும் பூட்டாய் மாட்டவில்லை.

வைரக்கண்ணுவைக் கூப்பிட்டுக் கேட்டோம்.
நிலைப்படியிலேயே நின்றான்.
"அறுத்துரலாங்க ஐயா.
மதகு சாவிய எதுல மாட்டுறது?"
சட்டையைத் தூக்கினான்.
கறுப்புக் கயிறு, எண்ணெய் போட்ட சாவி,
சாவி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன தோல்.

யாரோ சிரித்தார்கள்.

கீழே வருவது குறிப்பேட்டில் இல்லை.
போன மார்கழியில் பாக்கியநாதனுக்குக் குடலிறக்கம்.
ஆபரேஷனுக்கு முன் உடம்பில் இருப்பதைக் கழற்றுவது என் வேலை.
வெள்ளி அரைஞாண், திருகு வைத்தது.
எடை எழுதி, காகிதத்தில் மடித்து
அவர் மனைவி கையில் கொடுத்தேன்.

முகத்துக்கு நேரே கேட்கலாம்.
கேட்டவர் ஒருவர் உண்டென்று இப்போதுதான் சொன்னார்கள்.
ஆனால் மயக்கத்தில் கிடந்த உடம்பை
எழுப்பிக் கொண்டுவந்து சபையில் சாட்சி சொல்ல வைப்பதா?
பேனா மூடியைக் கழற்றினேன். போட்டேன். கழற்றினேன்.

ஆறு மா குத்தகைக்கு எடுத்து
நாற்றங்கால் கருகிப்போன ஞானப்பூ,
கூட்டத்தில் வாயே திறக்காதவள், சொன்னாள்:
மேட்டூர் திறந்து முப்பத்தஞ்சு நாளு.
மேல இருக்கவன் முறை வெக்கிறான்,
நம்ம வயலு வாய பொளந்து கெடக்கு.
இங்க வந்தா நாம முறை வெக்கிறோம்.

வாக்கெடுப்பு.
அப்படியே சேர்த்துக்கொள்ள நாலு.
அறுத்த பிறகு சேர்க்க இரண்டு.
பாக்கியநாதன் கை மேலே வரவில்லை,
வேட்டி மடிப்போரம் இருந்தது.
என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.
ஒருவர் வாக்களிக்கவில்லை என்று எழுதினேன்.
டீ வந்தது. அவர் குடிக்காமல் எழுந்து போனார்.

ஆடி கடைசி ஞாயிறு.
முந்தின ராத்திரிதான் தண்ணீர் வந்து சேர்ந்தது.
வைரக்கண்ணு கண் சிவந்து வந்தான்,
கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது.
தூணுக்குப் பின்னால் பாக்கியநாதன்,
குடையை மடியில் வைத்துக்கொண்டு.

மண்டியிட்டபோது
சாவி தளக்கல்லில் இடித்தது.
போதகர் கையில் தண்ணீரோடு
கொஞ்சம் நின்றார்.
என்ன பெயர் வைக்கலாம் என்றார்.

அதே பெயருதாங்க
என்றான்.